பட்டி உதிர்ந்த வீடுகளும் கன்னியம்மாவின் ஒரு சுவரும்

பட்டி பார்க்கிறவனுக்கு ஒரு பெருமை உண்டு: வீடு கட்டும்போது மற்றவர்கள் செய்த தப்பெல்லாம் கடைசியில் அவன் தலையில்தான் வந்து விடியும். செங்கல்லை நனைக்காமல் வைத்தவர் போய்விடுவார். பூச்சு பூசிய கொத்தனார் வேறு ஊரில் வேலையாக இருப்பார். குழாய் பதித்தவர் போனையே எடுக்க மாட்டார். கடைசியாக வெள்ளை மாவைக் குழைத்துச் சுவரில் இழுத்துவிட்டு வந்த நான் மட்டும் உத்திரமேரூர் கடைவீதியில் தினமும் கண்ணில் படுவேன். அப்புறம் யாரைப் பிடிப்பார்கள்?

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சிமெண்ட் பூச்சு சொரசொரப்பாக இருக்கும். அதன்மேல் வெள்ளைச் சிமெண்ட் மாவைக் குழைத்து, தகட்டால் மெல்லிசாக இரண்டு தடவை இழுத்து, காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சுவர் வழவழவென்று ஆகும். இதுதான் பட்டி. இதற்கு மேல்தான் பெயிண்ட். ஆசையாகக் கட்டிய புது வீட்டில் இந்தப் பட்டி பொருக்குப் பொருக்காக உதிர்வதை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி.

என்னோடு இரண்டு பேர் நிரந்தரமாக வேலை செய்கிறார்கள். ஏழுமலை தகடு பிடிப்பார். கன்னியம்மா மாவு குழைப்பார், சுவர் தேய்ப்பார். மேஸ்திரி என்று பெயர் எனக்கு; வேலை தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்.

நாள் குறித்த வீடு

காவாந்தண்டலத்தில் தனபால் என்று ஒரு விவசாயி வீடு கட்டினார். ஆடி பிறந்துவிட்டால் கிரகப்பிரவேசம் பண்ண முடியாது என்று ஆனி கடைசியில் ஒரு நாளைக் குறித்து, பத்திரிகையும் அடித்துவிட்டார். அதற்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஹால் சுவர் பூசி ஒன்பது நாள்தான் ஆகியிருக்கிறது. கன்னியம்மா புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஈரம் கீது மேஸ்திரி, கைய வெச்சா சில்லுனு கீது" என்றார். தனபாலிடம் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன். அவர் உள்ளே போய், நாலு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து சுவரைப் பார்த்து வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டார்.

நானும் வாயை மூடிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். இந்த வேலையை வேண்டாம் என்றால் அடுத்த தெருவில் இன்னொருவர் செய்யத் தயாராக இருந்தார். பட்டி, பிரைமர், பெயிண்ட் எல்லாம் பத்து நாளில் முடிந்தது. விசேஷத்தன்று சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். ஆடி பாதியில் போன் வந்தது. போய்ப் பார்த்தேன். ஹால் சுவர் முழுக்கக் கொப்புளம். விரலால் ஒன்றைத் தொட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே பெயர்ந்து கீழே விழுந்தது.

உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழி தேடும், நாம்தான் அதை அடைத்துவிட்டோம், நாள் நெருக்கியதால் வந்த வினை இது என்று பொறுமையாக விளக்கினேன். தனபால் கடைசி வரை கேட்டார். பிறகு சொன்னார்: "நாள பாத்தது ஜோசியரு. சொவுத்த பாத்தது நீதானே?"

கன்னியம்மாவின் ஆசை

கன்னியம்மா என்னிடம் வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஏரியோரம் இருக்கிற இருளர் குடியிருப்பில் கூரை வீட்டில் இருந்தவர். தனபால் வீடு கட்டிய அதே வருஷம்தான் அவருக்கு அரசாங்கத் திட்டத்தில் தளம் போட்ட வீடு கட்டப் பணம் கிடைத்தது. ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அவரும் அவர் வீட்டுக்காரரும் வேலை முடிந்து வந்து, தங்கள் கையாலேயே மண் சுமந்து, தண்ணீர் ஊற்றி, கொத்தனாரோடு கூட நின்று கட்டினார்கள். உள்ளே சிமெண்ட் பூச்சோடு நின்றது. அந்தக் குடியிருப்பில் எல்லா வீடும் அப்படித்தான்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், ஹாலில் உள்ளே நுழைந்ததும் எதிரே தெரிகிற ஒரே ஒரு சுவருக்கு மட்டும் பட்டி பார்க்க வேண்டும் என்றார். மற்ற சுவர்கள் எப்படியோ இருக்கட்டும், அது ஒன்று போதும். ஏழுமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சுவருக்கு மட்டும் யாராவது பட்டி பார்ப்பார்களா என்று கேட்டார். கன்னியம்மா சாப்பாட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "ஊர்ல கீற சொவுரெல்லாம் வழவழன்னு தேச்சிக்கினு வரேன். என் வூட்டுக்குப் போயி சாஞ்சா முதுவு சொரண்டுது. ஒரு சொவுராவது வாணாமா?"

நான் உடனே, அந்தச் சுவர் என் பொறுப்பு, என் அன்பளிப்பு என்று பெரிய மனுஷன் மாதிரி அறிவித்தேன்.

உப்புச் சுவர்

இந்தப் பக்கத்துப் போர் தண்ணீர் சில இடங்களில் வாயில் வைக்க முடியாது. குடிக்க ஆகாத அந்தத் தண்ணீரில்தான் வீடு கட்டுகிறோம். பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டில், வேலை முடித்து இரண்டு மாதத்தில் சுவரின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தது. வீட்டு அம்மா சுத்தக்காரர். தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். துடைக்கத் துடைக்க அது இன்னும் நன்றாகப் பூத்திருக்கிறது. தண்ணீரே படக்கூடாது, காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது?

நான் போனபோது தெருவே அங்கே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்து, "கரிக்குது" என்று தீர்ப்புச் சொன்னார். தண்ணீரிலும் செங்கல்லிலும் இருக்கிற உப்பு வெளியே வருகிறது, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. வீட்டு அம்மா மட்டும் வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். "போட்டதுதான் போட்ட, சாம்பாருக்குப் போடற மாரி அளவா போட்டிருக்கக் கூடாதாப்பா?"

மீந்த மூட்டை

இப்போது சொல்லப்போவதைப் படித்துவிட்டுத் தொழில் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். அடித்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த வீட்டில் மிச்சமாகிற மாவு மேஸ்திரிக்குத்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டுக்காரருக்கு அதனால் உபயோகமில்லை. அரை மூட்டை, கால் மூட்டை என்று வாயைச் சணலால் கட்டி, என் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தேன். நாலைந்து கம்பெனி மாவு. சிலது போன மழைக்கு முன்னால் பிரித்தது. கன்னியம்மாவின் சுவருக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டதும் என் கண் நேராக அந்த மூட்டைகள் மேல்தான் போயிற்று. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் இதில் கேவலமே, யோசிக்கவே இல்லை. தனபால் வீட்டுக்கு அப்படி ஒரு மூட்டையைக் கொண்டுபோக எனக்குக் கை வந்திருக்குமா? வந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூட்டைகளை வண்டியில் போட்டுக்கொண்டு நானும் ஏழுமலையும் போனோம். கன்னியம்மா ஒரு மூட்டையைப் பிரித்து உள்ளே கைவிட்டார். கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் கட்டி. காற்றுப்பட்டு ஈரம் குடித்த மாவு அப்படித்தான் ஆகும். அப்புறம் சுவரைப் பிடிக்கிற சக்தி அதற்கு இருக்காது. இது எனக்கும் தெரியும், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சலித்துவிட்டால் சரியாகிவிடும் என்றேன். அவர் கட்டியை விரலால் நசுக்கிக்கொண்டே, சிரித்த முகமாகத்தான் கேட்டார்: "நம்ம வூட்டுக்கு இது போதும்ன்றியா மேஸ்திரி?"

வீடியோவில் வெடிக்காத சுவர்

ஏனாத்தூர் பக்கம் கல்லூரியில் வேலை பார்க்கிற ஒருவர் வீடு. படித்தவர், மரியாதையானவர், நாங்கள் மூன்று பேரும் குடிக்க இளநீர் வாங்கி வைப்பவர். ஒரே குறை, போனில் வீடியோ பார்ப்பார். கொத்தனார் பூசிய சுவர் நடுவில் பள்ளமாக இருந்தது. பள்ளத்தை நிரப்பச் சிமெண்ட் பூச்சுதான் போட வேண்டும், பட்டி அதற்கு ஆகாது என்றேன். வெளிநாட்டில் ஒருவர் ஒரே இழுப்பில் அரை அங்குலம் இழுத்ததைத் தாம் பார்த்ததாகச் சொன்னார். அந்த மாவு வேறு, இந்த மாவு வேறு என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மறுபடியும் வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

இழுத்தோம். மறுநாள் காலையில் சுவர், கோடையில் தாமல் ஏரி வெடித்துக் கிடக்குமே, அப்படிக் கிடந்தது. விரிசலுக்குள் ஏழுமலையின் தகடு நுழைந்தது. வீட்டுக்காரர் கோபப்படவே இல்லை. போனை எடுத்து அதே வீடியோவை முதலிலிருந்து கடைசி வரை இன்னொரு தடவை பார்த்தார். பார்த்துவிட்டு உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்: "அவர் பண்ணும்போது வெடிக்கலையே மேஸ்திரி, நீங்க ஏதாவது பார்த்துட்டு வந்து பண்ணியிருக்கலாமே?"

பெண் பார்க்க வந்த அன்று

இது பழைய வீடு. சுவரில் இருபது முப்பது வருஷத்துச் சுண்ணாம்பு, ஒன்றன்மேல் ஒன்றாக. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பட்டி பார்க்க வேண்டும். ஆனால் வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், வீடெல்லாம் தூசியானால் பேஜாராகிவிடும், மேலோடு மேலாக இழுத்துவிடு என்றார். இழுத்துவிட்டேன். அடியில் இருப்பது சுண்ணாம்புத் தூள். தூளைப் பிடித்துக்கொண்டு எதுதான் நிற்கும்?

ஞாயிற்றுக்கிழமை வரை நின்றது. மாப்பிள்ளை வீட்டார் நாற்காலியில் உட்கார்ந்து, பெண் காபியோடு வந்து நிற்கிற நேரத்தில், காலண்டர் மாட்டிய ஆணியோடு சேர்ந்து ஒரு தோசைக்கல் அகலத்துக்குப் பட்டி இறங்கியது. பஜ்ஜித் தட்டில் பாதி, மாப்பிள்ளையின் அம்மா மடியில் பாதி. சகுனம், கிகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் கதை முடிந்தது. அந்த அம்மா எழுந்து, புடவையை உதறிவிட்டு, சுவரை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். இதை எனக்குச் சொன்னது பெண்ணின் அப்பாதான். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோது சொன்னார். "எங்க வூட்லயும் இதே மாரிதான் வுயுந்துது," என்றாராம் அந்த அம்மா, "ரெண்டு வூட்டுக்கும் ஒரே மேஸ்திரியா?"

ஒரே மேஸ்திரிதான்.

திங்கட்கிழமை ஏழரை மணி

வேலைக்குப் போகுமுன் நாங்கள் மூன்று பேரும் கூடுவது பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடையில். அன்றைக்குத் திங்கட்கிழமை. கன்னியம்மா வந்து, சாப்பாட்டுத் தூக்கைப் பெஞ்சில் வைக்கத் திரும்பினார். முதுகெல்லாம் வெள்ளை. ரவிக்கையில், கொண்டையில், தோள்பட்டையில் எல்லாம் மாவு. ஏழுமலை, "இன்னா கன்னிம்மா, வேல தூசி இன்னும் போவலியா?" என்று கேட்க, அவரும் "ஆமா" என்று டீயை வாங்கிக்கொண்டார்.

நான் கிளாஸை வாயில் வைத்தவன் அப்படியே நின்றேன். நேற்று ஞாயிறு. எங்களுக்கு வேலையே இல்லை. இன்றைய வேலை இனிமேல்தான் ஆரம்பிக்க வேண்டும். அப்படியானால் இது எந்தச் சுவர்?

மத்தியானம் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். அந்தக் கட்டி மாவையே சலித்து நாங்கள் இழுத்துவிட்டு வந்த அந்த ஒரு சுவர், ஆள் உட்காரும் உயரத்துக்கு, ஒரு பழைய புடவையால் மறைத்துக் கட்டியிருந்தது. விலக்கிவிட்டுக் கையை வைத்தேன். உள்ளங்கை முழுக்க வெள்ளை. நகத்தால் லேசாகக் கீறினேன். மாவு தரையில் கொட்டியது. சுவரோரம் அன்று காலையில்தான் பெருக்கியிருக்க வேண்டும். அதற்குள் மறுபடியும் ஒரு வெள்ளைக்கோடு. தினமும் காலையில் பெருக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறது என்றார் அவர். மூன்று மாதமாக அப்படித்தானாம். அந்த மூன்று மாதமும் தினமும் என் பக்கத்தில் நின்று, அடுத்தவர்கள் வீட்டுச் சுவர் உதிரக் கூடாது என்று மாவைப் பார்த்துப் பார்த்துக் குழைத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பி வந்து, ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கோபமாகவே கேட்டேன். தப்பு செய்தவனுக்குத்தானே கோபம் முதலில் வரும். கன்னியம்மா உப்புத்தாளை நிறுத்தவே இல்லை. தேய்த்துக்கொண்டே சொன்னார்: "கஸ்டமரா இருந்தா சொல்லிருப்பேன்."

மறுபடியும் அந்தச் சுவர்

அன்றைக்கே கொட்டகையில் இருந்த பாக்கி மூட்டைகளைக் கொண்டுபோய், எங்கள் தெருமுனைப் பள்ளத்தில் கொட்டி மேடாக்கினேன். மறுநாள் கடையில் பிரிக்காத புது மூட்டை வாங்கினேன். நடந்துகொண்டிருந்த வேலையின் வீட்டுக்காரரிடம் மூன்று நாள் வரமாட்டோம் என்றேன். ஏன் என்றார். இன்னொரு கஸ்டமர் வீட்டில் சுவர் உதிர்கிறது என்றேன்.

அந்த மூன்று நாளும் கன்னியம்மாவை ஒரு சாமானையும் தொடவிடவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை. தண்ணீர் வாளியைத் தூக்க வந்தார், ஏழுமலை பிடுங்கிக்கொண்டார். நானும் ஏழுமலையும் பழைய பட்டியைச் சிமெண்ட் தெரியச் சுரண்டி, தூசியைத் துடைத்து, சுவரை நனைத்து, முதல் இழுப்பு இழுத்தோம். மறுநாள் இரண்டாவது இழுப்பு. மூன்றாம் நாள் அது காய்ந்தபின் தேய்த்தது நான். பதினோரு வருஷமாக இந்த வேலையை அந்த அம்மா எப்படிச் செய்கிறார் என்று அன்றைக்குத்தான் என் தோள்பட்டை எனக்குச் சொன்னது. மூக்கெல்லாம் மாவு, கண்ணெல்லாம் எரிச்சல்.

வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு அவரை உட்காரச் சொன்னார். கன்னியம்மா உட்காரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரருகே வந்தார். உள்ளங்கையை விரித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். கையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. அப்புறம் திரும்பி நின்று முதுகைச் சாய்த்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். நானும் ஏழுமலையும் சாமான்களைக் கழுவுகிற சாக்கில் வெளியே நழுவினோம்.

"மேஸ்திரி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. போனேன். அறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அதன் மறைவில் இருந்த மூலையை விரலால் காட்டிக்கொண்டு நின்றார். "இங்க சரியா தேக்கல பாரு. கதவு மறைக்கும், எவன் பாக்கப் போறான்னு வுட்டுட்டியா? நல்லா தேச்சிட்டுப் போ."

இருபது வருஷத் தொழிலில் கஸ்டமர் குறை சொல்லிக் கேட்டு, உப்புத்தாளை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக ஓடியது அந்த ஒரு தடவைதான்.